பிறையின் மேல் புள்ளி

மார்ச் 4

அண்ணா,

அப்பா போய் எட்டு மாதமாகிறது. அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பித்தளைக் குப்பைய பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாய். அதற்குப் பிறகு நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் அதை இரும்புக்காரனிடம் போடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது பித்தளையும் இல்லை, குப்பையும் இல்லை. வெண்கலம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கிரேக்க எழுத்துக் காசுகள், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். உனக்குச் சிரிப்பு வரும், வரட்டும். லேபில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும் அதே மேஜையில், அதே பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப் போட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை எடுத்தேன். பாதிக்கு மேல், நடுவில் பெரிய 'எம்' போட்ட காசுகள். அந்த எழுத்துக்கு நாற்பது என்று அர்த்தம், பக்கத்தில் ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனை வருஷம் என்று ஓர் எண், கீழே, காசு அடித்த ஊரின் பெயரில் முதல் சில எழுத்துகள். பஸ் டிக்கெட் மாதிரி எல்லா விவரமும் அதிலேயே இருக்கிறது. தேய்ந்திருந்தாலும் பொறுமையாகக் கேட்டால் சொல்லிவிடுகிறது.

அப்புறம் ராஜா பெயரே இல்லாத வகை வந்தது. ஒரு பக்கம் கையில் புத்தகத்தோடு கிறிஸ்து. மறுபக்கம் 'இயேசு கிறிஸ்து, அரசர்களுக்கு அரசர்' என்று கிரேக்கத்தில் நாலு வரி. எந்த ராஜா காலம் என்று கேட்டால் காசு வாயைத் திறக்காது. உன் புத்தகம் முழுக்க அதைப் பற்றித்தானே? நாலு வரிக்கு மேலும் கீழும் இருக்கும் சின்ன அலங்காரத்தை வைத்து நீ வரிசை கட்டியிருக்கிறாய். புள்ளி வகை முதலில், பிறை வகை பின்னால் என்று.

அப்பாவின் காசு ஒன்று அதை மறுக்கிறது. அந்தக் காலத்தில் பழைய காசை உருக்காமல், அதன் மேலேயே புது அச்சை வைத்து ஓங்கி அடிப்பார்களாம். அடி சரியாக விழாவிட்டால் பழையது கொஞ்சம் மிச்சம் இருக்கும். இந்தக் காசில் மேலே இருப்பது புள்ளி. அதற்கு அடியில், ஓரத்தில், தலைகீழாகத் தப்பிப் பிழைத்து நிற்பது பிறை. அடியில் இருப்பதுதானே மூத்தது?

பல் அளவு எடுக்கும் பசையில் அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றிப் பின்பக்கத்தின் வார்ப்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்து இருக்கும் முன்பக்கத்தின் வார்ப்பு எடுக்கும்போது உடைந்துவிட்டது. ஜூன் கூட்டத்தில் வாசிக்க நாணயச் சங்கத்துக்கு ஒரு கட்டுரையும் அனுப்பியிருக்கிறேன். அடுத்தவர் வாயால் நீ கேள்விப்பட வேண்டாம் என்று முதலில் உனக்கு எழுதுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 17

வாலு,

உன் கடிதம் வந்தது. வார்ப்பும் மூலை உடையாமல் வந்தது. வேலை சுத்தமாக இருக்கிறது, அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒன்று புரிந்துகொள். நான் இந்தக் காசுகளோடு முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவன். ஆறு அருங்காட்சியகங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்து அந்த வரிசையைக் கட்டினேன். நீ எட்டு மாதமாக ஒரு டப்பாவைப் பார்த்திருக்கிறாய். ஒரே ஒரு காசை வைத்து ஒரு வரிசையைப் புரட்ட முடியாது. ஓர் இடத்தில் காசு அடிக்கிறவன் பழைய அச்சு தேய்ந்து புதிதாக வெட்டியிருப்பான், இன்னோர் இடத்தில் பழைய அச்சையே வைத்து இன்னும் அடித்துக்கொண்டிருப்பான். இதெல்லாம் ஒரு வார்ப்பில் தெரியாது.

இன்னொரு விஷயம். சங்கத்தில் கட்டுரைகளைப் படித்து முடிவு சொல்லும் குழுவில் நானும் இருக்கிறேன். உன் கட்டுரை என் மேஜைக்கு வந்தால் எனக்குத் தர்மசங்கடம், நிராகரித்தால் உனக்கு அவமானம். அங்கே வருகிறவர்கள் இரக்கப்பட்டுக் கை தட்டுகிற ஆட்கள் இல்லை. கேள்வி கேட்டே ஆளைக் கீழே இறக்கிவிடுவார்கள். என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு ஜூலையில் வருகிறது. இந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே சண்டை என்று ஊர் சிரிக்க வேண்டுமா?

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள். அந்தக் காசை எனக்கு அனுப்பி வை. நான் நிதானமாகப் பார்க்கிறேன். அதில் விஷயம் இருந்தால் விட்டுவிட மாட்டேன்.

அண்ணி உன்னைக் கேட்டாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

காசை அனுப்ப மாட்டேன். கட்டுரையையும் திரும்ப வாங்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ பதற்றம் இல்லாமல் படிக்கலாம்.

நீ எழுதியபடி ஒரு காசு போதாது என்றே வைத்துக்கொள்வோம். சரி, அதைச் சபையில் சொல். "இங்கே ஒரு காசு இருக்கிறது, இது என் வரிசைக்கு ஒத்து வரவில்லை, ஆனாலும் என் வரிசை சரி, ஏனென்றால் இன்ன காரணம்" என்று சொல். நான் உட்கார்ந்து கேட்கிறேன். காசை எனக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது பதில் இல்லை. அது வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம்.

போன வாரம் சங்கத்துச் செயலாளர் லேபுக்கே போன் போட்டார். வாய்க்குள் அளவெடுத்த பசை கையில் காயும் முன் பேசி முடிக்க வேண்டிய நிலைமை எனக்கு.

"மேடம், கட்டுரை வந்துச்சு. நீங்க எந்தக் காலேஜ்?"

"காலேஜ் இல்ல சார். பல் லேப்."

"ஓ, டாக்டரா?"

"டாக்டர் இல்ல. டாக்டர் பிடுங்குறதுக்குப் பதிலா புதுசு செஞ்சு குடுக்குறவ."

அப்புறம், "இல்ல மேடம், வழக்கமா ஒரு நிறுவனத்தோட பேரு போடுவோம், அதான்" என்று இழுத்தார். லேபின் பெயரையே போடச் சொன்னேன். முதலாளியம்மா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "நம்ம லேபுக்கு இப்படி ஒரு விளம்பரமா!" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இருபத்தாறு வருஷமாக என் வேலையே இதுதான் அண்ணா. ஒரு வார்ப்பைப் பார்த்து, இது கடித்ததால் வந்த தழும்பா, தேய்ந்ததால் வந்ததா, பழைய பல்லின் மேல் புதியது உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அரை மயிரிழை பிசகினால் ஓர் ஆள் சாப்பிட முடியாது. எனக்கு எது மேலே, எது அடியில் என்று தெரியாது என்று மட்டும் சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 9

இனி செல்லப் பெயர் வேண்டாம்.

உன் கட்டுரை என் மேஜைக்கு வந்தது. படித்தேன். குழுவுக்கு என் கருத்தை எழுதி அனுப்பிவிட்டேன். அதை உனக்கும் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் காசை ஆதாரமாக ஏற்க முடியாது. சுத்தம் செய்த ஆள் பயிற்சி இல்லாதவர். கையில் எப்போதும் கூரான கருவிகள் இருப்பவர். பல்லைக் குடையும் ஊசியால் வெண்கலத்தைக் கிளறினால் எந்தக் கோட்டையும் உண்டாக்கலாம். நீ வேண்டுமென்றே செய்தாய் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைக் கை தானாகத் தோண்டி எடுத்துவிடும், அனுபவசாலிகளுக்கே அது நடக்கும். பின்பக்கத்தில் ஓரத்துப் பிறை மட்டுமல்ல, முன்பக்கத்தில் புத்தகத்துக்குக் கீழே தலைகீழாக முழித்துக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைக் கண்ணும்கூட உன் ஊசியின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். இதைத்தான் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.

எனக்கு இதில் சந்தோஷம் என்று நினைக்காதே. நீ பிடிவாதம் பிடித்தாய். அப்பா இருந்திருந்தால் அவரே உன்னைத் தடுத்திருப்பார்.


ஏப்ரல் 15

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்துவிட்டுக் கருவிகளையெல்லாம் டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். என் கையைப் பற்றி என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. இரண்டாவது தடவை அழுதேன், அதையும் மறைக்கப்போவதில்லை. மூன்றாவது தடவைதான் நீ எழுதியிருப்பதை ஒழுங்காகப் படித்தேன்.

நான் உனக்கு முன்பக்கத்தை அனுப்பவே இல்லை.

வார்ப்பு உடைந்துவிட்டது என்று எழுதினேன். மறுபடி எடுக்கவில்லை. கட்டுரையிலும் பின்பக்கம் மட்டும்தான். அந்தக் கண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட யாருக்கும் எழுதவில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டவில்லை. கூட்டத்தில் கடைசியாகச் சொல்லலாம் என்று எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இப்போது எழுந்து போய்க் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. புத்தகத்துக்குக் கீழே, தலைகீழாக, அடியிலிருக்கும் பழைய முகத்தின் ஒற்றைக் கண். நீ சொன்ன இடத்திலேயே.

அந்தக் காசை நீ எப்போது பார்த்தாய்?


மே 2

அண்ணா,

பதில் இல்லை. சரி.

சங்கத்திலிருந்து கட்டுரை திரும்பி வந்துவிட்டது. 'பொருளின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது' என்று ஒரு வரி. யார் எழுதியது என்று போடவில்லை, போட வேண்டியதும் இல்லை.

நீ சொல்லாததை அப்பா சொல்லிவிட்டார். தையல் மெஷின் உதிரி பாகங்கள் இருந்த மரப்பெட்டியை நேற்று ஒழித்தபோது, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு கிடைத்தது. சந்தையில், பழைய சாமான் கடையில், மெஷின் ரிப்பேருக்குப் போன வீடுகளில் என்று எங்கே எந்தக் காசு வாங்கினார் என்று எண் போட்டு எழுதியிருக்கிறார். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே படமாக வரைந்திருக்கிறார். பாதி எழுத்து தையல் ஊசி மாதிரியே இருக்கிறது.

இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது காசுக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறார்: 'ரெண்டு காசு ஒன்றின் மேல் ஒன்று. அடியில் பிறை. கீழே ஒரு கண். பெரியவனுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.' அதற்குக் கீழே வேறு மையில்: 'திரும்பி வந்தது. போலி என்கிறான். அவனுக்குத்தான் தெரியும்.' தேதி போட்டிருக்கிறார். பத்தொன்பது வருஷம் முந்திய தேதி. உன் முதல் பதிப்பு வந்ததற்கு மூன்று மாதம் முந்தியது.

அப்போது வாங்கி வைத்து எண் போடாமல் இருந்த பத்தொன்பது காசுகளைப் பிறகு வரிசையாக எண் மட்டும் போட்டு எழுதியிருக்கிறார். விவரம் இல்லை, படம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு காசுகூட வாங்கவில்லை.

"ஏம்பா இப்பல்லாம் சந்தைக்குப் போறதில்ல?" என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "கண்ணு சரியா தெரியல வாலு, எது நல்லது எது போலின்னு தெரியல" என்றார். நானும் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு உங்க கண்ணு பிரமாதம் சார்" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஜூன் பதினாலாம் தேதி கூட்டத்துக்கு நான் போகிறேன். கட்டுரை வாசிக்க விடாவிட்டாலும் போகிறேன். பார்வையாளராக வர யாருடைய அனுமதியும் வேண்டாமாம், விசாரித்துவிட்டேன்.

தங்கை


மே 20

வாலு,

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணி உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். நான்கு நாளாக என்னிடம் அவள் பேசவில்லை.

ஆமாம், பார்த்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பிறையும் தெரிந்தது, கண்ணும் தெரிந்தது. போலி இல்லை என்றும் தெரிந்தது.

புத்தகம் அப்போது அச்சில் இருந்தது. நூற்று எண்பது பக்கம் அந்த வரிசையின் மேல் நிற்கிறது. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை, அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். துறைத் தலைவர் என்னை வெளியே தள்ளக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் 'போலி, வார்ப்பில் ஊற்றிய காசு, வைத்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பின்னால் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பின்னால் என்று ஒன்று வரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வரிசையை இன்னொருவர் மேற்கோள் காட்டினார், அது என்னை விட்டு இன்னும் கொஞ்சம் தூரம் போயிற்று.

அப்பா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்படி எழுதும்போதே இது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிகிறது. அடித்துவிட்டு வேறு எழுத நினைத்தேன், அடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சபையில் வேண்டாம். இரண்டாம் பதிப்பில் அடிக்குறிப்பு ஒன்று சேர்க்கிறேன்: 'குடும்பச் சேகரிப்பில் உள்ள ஒரு காசு இந்த வரிசையை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.' வேண்டியவர்களுக்கு அது புரியும். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

அண்ணன்


மே 28

அண்ணா,

அடிக்குறிப்பு வேண்டாம்.

குடும்பச் சேகரிப்பாம்! எந்தக் குடும்பம்? குடும்பம் அந்தக் காசுகளைப் போய் வாங்கி வரவில்லை. தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் போய்ப் பொறுக்கி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மொழியைப் படமாக வரைந்து வைத்தார். ஒன்றின் மேல் ஒன்று இருப்பதை உனக்கும் எனக்கும் முன்னால் அவர் கண்டுபிடித்தார். பெரிய படிப்புப் படித்த பிள்ளை போலி என்று சொன்னதும் தன் கண்ணையே சந்தேகப்பட்டார். 'தூண்டுகிறது' என்று காற்றில் மிதக்கிற ஒரு வார்த்தைக்குள் அவரை வைத்துப் பூட்டப் பார்க்கிறாய்.

அப்பா கேட்டிருக்கலாம் என்கிறாய். உன்னிடம் கேட்பதற்குத்தானே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார்!

பயந்தாய் என்பது எனக்குப் புரிகிறது. எனக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் வந்த நாள்கள் உண்டு. அதற்காக அளவு தப்பான பல்லை ஒருத்தர் வாயில் வைத்துவிட்டு, உங்கள் ஈறு சரியில்லை என்று நான் சொன்னதில்லை.

நீ குழுவுக்கு எழுதிய கடிதம் இன்னும் அங்கே கோப்பில் இருக்கிறது. 'கூரான கருவிகள் இருப்பவர்.' அது இருக்கும்வரை நான் கிளறிப் பிழைத்தவள். நீ ஓய்வு பெறும்வரை ஒன்றரை வருஷம் அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு நான் காத்திருக்க வேண்டுமா? மாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், அப்பாவின் நோட்டையும் எடுத்துப் போகப்போவதில்லை. காசை மட்டும் எடுத்துப் போகிறேன். அது பேசட்டும்.

என் வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றேன். "நான் உள்ள வரல, வெளிய டீக்கடையில உக்காந்திருக்கேன். நீ சண்டை போட்டுட்டு வரும்போது யாராவது வேணும்ல" என்கிறார்.

தங்கை


ஜூன் 16

அண்ணா,

நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நடந்ததைக் கேள். மாடியில் நீளமான அறை, அறுபது நாற்காலி, நாற்பது பேர். முன்வரிசை முழுக்கக் கோட்டு, நீ மட்டும் வரவில்லை. நான் இரண்டு பெரிய டிபன் பெட்டிகளோடு போனேன். உள்ளே சாப்பாடு இல்லை, பஞ்சு வைத்து அடுக்கிய ஐம்பது பிளாஸ்டர் வார்ப்புகள். இரண்டு பக்கமும். முன்பக்கம் இந்தத் தடவை உடையவில்லை.

கடைசிப் பேச்சு முடிந்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். எழுந்தேன்.

"கேள்வி இல்லைங்க. ஒரு காசு கொண்டுவந்திருக்கேன். எது மேல, எது அடியிலன்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

செயலாளர் முகம் மாறிவிட்டது. "மேடம், அந்தக் கட்டுரை நிராகரிச்சாச்சு. தயவுசெஞ்சு உட்காருங்க."

"கட்டுரையைத்தானே நிராகரிச்சீங்க? காசை இன்னும் யாரும் பாக்கலையே."

"மேடம், உட்காருங்கன்னு சொன்னேன்."

"நான் உட்காரல சார். நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் நிக்கிறேன். நின்னுக்கிட்டே வேலை செஞ்சு எனக்குப் பழக்கம்தான்."

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வரிசைக்கும் கொடுத்தேன். இலவசமாகக் கையில் ஒன்று வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? மூன்றாவது வரிசையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், காசு வியாபாரியாம், வார்ப்பை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினார். பிறகு நிஜக் காசையும் கேட்டார். கொடுத்தேன்.

"யாராவது ஊசியால கிளறியிருந்தா பச்சை களிம்பு அறுந்து மஞ்சளா தெரியணும்" என்றார். "இதுல பிறை மேலயும் களிம்பு, புள்ளி மேலயும் களிம்பு, நடுவுல ஒரு இடத்துலகூட அறுபடல. ஆயிரம் வருஷமா ரெண்டும் சேந்தே கிடந்திருக்கு. அடியில பிறை. இதுல என்னய்யா சந்தேகம்?"

முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "அப்ப புரொபசர் எழுதின வரிசை?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா?

அப்போதுதான் செயலாளர் கோப்பிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "இது இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. கூட்டத்துல வாசிக்கணும்னு கேட்டிருக்கார். வாசிக்கிறதா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

உன் எழுத்து. நாலே வரி. 'இந்தக் காசை நான் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, எந்த ஊசியும் படுவதற்கு முன், இதே நிலையில் பார்த்தேன். அன்றே இது உண்மையானது என்று அறிந்திருந்தேன். அறிந்தே மறைத்தேன். குழுவுக்கு நான் எழுதிய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன், அது பொய்.'

வாசித்து முடித்ததும் என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். நான் ஜெயித்த ஆள் மாதிரி நின்றிருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தொப்பிப் பெரியவர், "இப்பவாச்சும் உட்காரும்மா" என்றார்.

உட்காரவில்லை. வார்ப்புகளை எண்ணித் திரும்ப வாங்கினேன். ஏழு குறைந்தது. திருடிக்கொண்டார்கள் என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

எப்படி இருக்கிறாய்?

தங்கை


ஜூன் 27

வாலு,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். கல்லூரியில் ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பதிப்பகத்தார் இரண்டாம் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். விசாரணை என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, போய் உட்கார்ந்து ஆமாம் என்று சொல்லப்போகிறேன். அண்ணி பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த உறையைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று, தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "இத்தனை வருஷம் உங்களுக்குப் பசிக்கலன்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?" என்று கேட்டாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

உன்னிடம் முன்கூட்டியே சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மறுபடியும் ஆகியிருக்கும். நீ போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நான் எழுதியதால் அவர்கள் நம்பினார்கள் என்று ஆகக் கூடாது. அந்த வியாபாரி முதலில் பார்த்துச் சொன்னார் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்று தெரியும்.

புத்தகத்தைத் தூக்கிப் போடப்போவதில்லை. என்னை வேலையை விட்டு எடுக்கலாம், காசுகளைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். பிறை முன்னால், புள்ளி பின்னால். எழுத எழுத, முன்பு வலுக்கட்டாயமாகத் திணித்த நாலைந்து காசுகள் தானாக இடத்தில் போய் உட்காருகின்றன. அது சந்தோஷமாகவும் இருக்கிறது, கேவலமாகவும் இருக்கிறது. முதல் பக்கத்தில் அப்பாவின் பெயரும் உன் பெயரும் வரும், தொழிலோடு.

இதோடு ஒரு காசை வைத்திருக்கிறேன். கல்லூரிக்குச் சொந்தமானது இல்லை, நான் வாங்கியது. அடியில் ஏதோ இருக்கிறது. மூன்று வாரமாகப் பார்க்கிறேன், என்னால் படிக்க முடியவில்லை. நீ பார்த்துச் சொல்.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

பார்த்தேன். மூன்று வாரமா? எனக்கு இரண்டு மதிய இடைவேளை ஆயிற்று. நீ அதை நேராகவே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். கால் வட்டம் திருப்பி, வெளிச்சத்தை இடப்பக்கமிருந்து விட வேண்டும். அடியில் இருப்பது கிறிஸ்து காசே இல்லை, அதற்கும் முந்தியது. ராஜா ஒருவரின் தாடி தெரிகிறது, மறுபக்கம் நாலு வரியில் அவர் பெயரின் கடைசி மூன்று எழுத்து. வார்ப்பு எடுத்து அம்பு போட்டுக் காட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும்.

விசாரணைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகாதே. செய்தது தப்பு, அதைச் சொன்னது நீ. இரண்டும் உன்னுடையதுதான், இரண்டையும் நிமிர்ந்தே சொல்.

அப்பா விஷயத்தில் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது இன்னும் எனக்குள் அப்படியே கிடக்கிறது, எவ்வளவு நாள் கிடக்கும் என்று தெரியாது. காசுகள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காசுகளை அனுப்பு.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையை அடுத்த இதழில் போடுகிறார்களாம், ஆனால் 'மொழிநடையைச் சற்றுச் செம்மைப்படுத்த' அனுமதி வேண்டுமாம். ஒரு சொல்லையும் தொடக் கூடாது என்று பதில் போட்டுவிட்டேன்.

உன் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. நான் திருத்தாமல் அது வெளியே போகக் கூடாது. கையாலேயே எழுது, ஓரத்தில் நிறைய இடம் விட்டு எழுது.

வாலு